பத்து மணி வடை

போடியில் மலைக்கு ஜீப்பு கிளம்பும் முக்கில், இருபது வருசமாகப் பருப்பு வடை போடுகிறாள் சுந்தரம்மாள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஆளுக்கு இரண்டு வாங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுவார்கள்.

ஆடியில் ஒருநாள் டிரைவர் சிவக்குமார் அடுப்படியில் நின்று சுடச்சுட ஒன்றைத் தின்றுவிட்டு, "மொறுமொறுப்பு பத்தலையேக்கா" என்றான். மனுசி சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே ஒரு கை அரிசிமாவு சேர்த்தாள். முதல் ஈட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். கடிக்கிற சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

ஆவணியில் பாண்டியம்மாள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனாள். இருபது வருசத்து வாடிக்கை. அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள், ஒருத்தியும் காரணம் சொல்லவில்லை. மொறுமொறுப்புதான் குறை என்று சுந்தரம்மாள் இன்னொரு கை மாவு போட்டாள். பருப்பை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். கூட்டம் இன்னும் குறைந்தது. இருப்புக்கொள்ளாமல் நூறு தடவை எதிர்க்கடையை எட்டிப் பார்த்தாள். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக்கூட நினைத்தாள். கடைசியில், ஐப்பசியில் ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு, நாலு வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

"நீ எங்கக்கா?" என்றான் சிவக்குமார்.

"சோலி இருக்கு. நீ வண்டிய எடு."

மலையில் மூடுபனி. பத்து மணிக்குக் கஞ்சிவேளை வந்தது. பாண்டியம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். ரசச்சோறு, அதற்குள் எதிர்க்கடை வடை ஊறிக் கிடந்தது. விறைத்த விரலால் அதை நசுக்கிச் சோற்றோடு பிசைந்து விழுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்த சுந்தரம்மாள் தன் வடையைக் கடித்தாள். மேலே நமுத்திருந்தது, உள்ளே கல். கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது.

"ஆடியிலயே ஒன் வடை இப்படி ஆயிருச்சு மதினி" என்றாள் பாண்டியம்மாள். "குளிருக்குப் பல்லு கூசுது. ரசத்துல போட்டாலும், சோறு தீர்ந்தும் ஊறலை."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கடிச்சுக் கடிச்சு சத்தம் கேட்டுப் பூரிச்சுப் போயி நிக்கிற. எந்த வாயால சொல்ல?"

சுந்தரம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருசத்தில் ஆறிய வடையை அவள் வாயில் வைத்ததே இல்லை. ஊருக்கே வடை போட்டவள், மூன்று மாதமாக ஒரு டிரைவரின் காதுக்காக மாவு பிசைந்திருக்கிறாள். ஜீப்பு திரும்ப மூன்று மணியாகும். அதுவரை உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், செடிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

மறுநாள் அரிசிமாவு டப்பாவைத் திறக்கவே இல்லை. சிவக்குமார் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, சத்தமே வரலை?"

"சத்தம் வேணும்னா ஆரன அடிச்சுக்க" என்றாள்.

பாண்டியம்மாள் வந்து தூக்குவாளியை நீட்டினாள். சுந்தரம்மாள் இரண்டு வடையை அதில் வைத்தாள். ஜீப்பு போன பிறகும் மனசு அடங்கவில்லை. கடைக்குள்ளும் வெளியிலுமாக அலைந்தாள்.

பத்து மணி அடித்ததும், ஒதுக்கி வைத்திருந்த ஆறிய வடையை ரசச்சோற்றில் அமுக்கினாள். கொஞ்சம் பொறுத்து எடுத்து வாயில் வைத்தாள். நாக்கிலேயே கரைந்தது. அதற்குப் பிறகுதான் அன்றைக்கு உட்கார்ந்தாள்.