கைரேகை மெஷின் பற்றி நான் எழுதிய கமெண்டுகள்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு சுடுகாற்று மெஷின், நான். இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. பருப்புக் கறிச் சட்டிக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தானா ஆஃப் ஆயிருச்சி தம்பி" என்பார்கள். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் மஞ்சள் நிறம் தெரியும். நான் தலையாட்டிக்கொண்டே கழற்றுவேன். அப்படி விழுங்கிய கோபமெல்லாம் எங்கேயாவது வெளியே வரத்தானே வேண்டும்? கமெண்டில் வந்தது.

தமிழில் தொழில்நுட்பச் செய்தி போடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. புதுப் போன், மின்சார ஸ்கூட்டர், செயற்கை நுண்ணறிவு என்று தினமும் ஏதாவது போடுவார்கள். செய்தியை நான் முழுதாகப் படிப்பதில்லை. நேரே கீழே இறங்கி, யார் என்ன உளறியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மின்சார ஸ்கூட்டர் பண்டாரவளை ஏற்றத்தில் ஏறுமா என்பதில் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறேன். என்னிடம் ஸ்கூட்டரும் இல்லை, லைசென்சும் இல்லை. பக்கத்தில் வைத்த பிளேன்டீ ஆறி, அதில் ஒரு ஈயும் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பேன்.

அங்கே எனக்கென்று ஓர் எதிரி வாய்த்திருந்தது. பெயர் என்று ஏதோ எண்கள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. ஆணா பெண்ணா, கொழும்பா கனடாவா, எதுவும் தெரியாது. நான் எதை எழுதினாலும் பத்து நிமிடத்தில் கீழே வந்து நிற்கும்: "ஆதாரம் இருக்கிறதா சகோ?" அந்த "சகோ"வைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதையாக ஒருவனை அவமானப்படுத்த அதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை.

ஒரு நாள் அந்தப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களில் பெரட்டுக்குக் கைரேகை மெஷின் வருகிறது என்று செய்தி போட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பிரிப்பதற்கு முன் ஆள் கணக்கு எடுப்பது. அதில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் உங்களுடையது. பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். விழாவிட்டால் அன்றைக்கு நீங்கள் மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் வரவில்லை என்றுதான் அர்த்தம். செய்திக்குக் கீழே செம்பருத்தி எழுதியிருந்தது: "கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்களை இந்த மெஷின் வாசிக்குமா என்று யாராவது பரிசோதித்தார்களா?"

எனக்குக் கேட்கவா வேண்டும். "நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், போன் திருத்துகிறவன். இரண்டும் தெரிந்த எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்" என்று தொடங்கினேன். இந்த மெஷின் வந்தால் கணக்கப்பிள்ளைமார் வராதவர்களுக்குப் பொய்ப்பேர் எழுத முடியாது, வேண்டியவருக்கு ஒன்று வேண்டாதவருக்கு ஒன்று என்பது நின்றுவிடும், எதிர்ப்பவர்கள் எல்லாம் பொய்ப்பேரில் வாழ்ந்தவர்கள்தான் என்று நீட்டிக்கொண்டே போனேன்.

பாதி எழுதும்போது ஓர் அம்மா வந்து நின்றார். தோட்டத்திலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்.

"தம்பி, மகன் புதுப் போன் வாங்கிக் குடுத்தான். விரல வச்சா தொறக்கும்னான். எடுக்க மாட்டேங்குது."

"கைய நல்லா தொடச்சிட்டு வைங்கம்மா."

துடைத்து வைத்தார். எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்தார், அதற்கும் எடுக்கவில்லை. இது எனக்குப் பழகிய விஷயம். தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல் எதையும் போன் எடுக்காது. அப்படி எத்தனை போனை நம்பர் போட்டுத் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாவுக்கும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கமெண்டைத் தொடர்ந்தேன். "விரல் பொய் சொல்லாது சகோ" என்று முடித்தேன். லைக் குவிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சில மாதம் கழித்து என் அக்காவின் தோட்டத்துக்கு மெஷின் வந்தது. நான் டவுனுக்கு வந்துவிட்டேன், அக்கா பிறந்த லயத்திலேயே இருந்து கொழுந்து எடுக்கிறாள். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏற்கெனவே எழுதியதே போதும் என்பது இன்னும் கொஞ்சத்தில் உங்களுக்கு விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்கா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மெஷின் எப்புடிக்கா?"

"மெஷினுக்கு என்னா, நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் விரல் இல்லையாம்."

அவளுடைய டிவிஷனில் பதினொரு பெண்களின் விரலை மெஷின் எடுக்கவில்லையாம். வைத்தால் சிவப்பு லைட் எரிந்து இங்கிலீசில் ஏதோ சொல்லுமாம். முதல் வாரம் பனியில் நின்று தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், எலுமிச்சங்காய் தேய்த்துப் பார்த்தார்கள், ஊதி ஊதிச் சூடு காட்டிப் பார்த்தார்கள். பிறகு கணக்கப்பிள்ளை ஒரு நீலக் கொப்பி வாங்கி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பதினொரு பேரையும் அதில் எழுதிக்கொள்வார். சாயந்தரம் ஆபீசில், கரண்ட் இல்லாத நேரம் வந்தவர்கள் என்று சேர்த்துவிடுவார்.

"யாருக்கா அவர அப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லுவா? அவராத்தான் செய்யிறாரு. மலையில எரிஞ்சு எரிஞ்சு விழுற மனுசன். ஆனா எங்க பேர ஒரு நாளும் விட்டதில்ல."

கேட்டதும் எனக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த நினைப்பு, செம்பருத்தி சொன்னது சரியாகிவிட்டதே என்பதுதான். இரண்டாவதாக, தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். அக்கா மூன்றாவதாகத்தான் வந்தாள்.

"கைய கழுவிட்டு இப்படி நீட்டுக்கா."

"என்னாத்துக்குடா?"

"சும்மா. புதுப் போன்ல கேமரா எப்படின்னு பார்க்குறேன்."

அவள் கழுவி, சேலையில் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுத்து, கோடு கோடாய் வெடித்துக் கிடந்தது. சின்ன வயதில் கதவில் நசுங்கிய சுண்டு விரல் மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள். நல்லா விழுந்திருக்கு என்றேன்.

அன்றைக்கே படத்தைப் போட்டு எழுதினேன். "ஆரம்பத்திலிருந்தே நான் எச்சரித்துவந்தது இதைத்தான்" என்பது முதல் வரி. அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மெஷின் எடுக்காத விரல்கள் இவை, பக்கத்தில் ஒரு கொப்பி இல்லாவிட்டால் அந்த மெஷின் சல்லிக்கும் உதவாது என்று முடித்தேன். செம்பருத்தி பத்து நிமிடத்தில் வந்தது.

"இது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் சகோ. சுண்டு விரலைக் கவனியுங்கள்."

அவ்வளவுதான். ஒருவன் அக்காவின் சுண்டு விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். இன்னொருவன், இந்த மாதிரிப் படங்களில் விரல்தான் காட்டிக்கொடுக்கும் என்று பாடம் நடத்தினான். அதே பாடத்தை அதே பக்கத்தில் போன வருடம் நடத்தியவன் நான்தான். மூன்றாவது ஒருவன், மனுசக் கை இப்படி இருக்குமா, கொஞ்சமாவது நம்புகிற மாதிரிச் செய்யக் கூடாதா என்று சிரிப்பு முகம் போட்டிருந்தான்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. என் அக்காவின் கையைப் பொய் என்கிறானே என்ற கோபம்தான் என்று அன்றைக்கு நம்பினேன். என்னைப் பொய்யன் என்கிறானே என்பதுதான் அதில் முக்கால்வாசி. பதுளையிலிருந்து ஒன்றேகால் மணி நேர பஸ், பாலம் தாண்டி மாரியம்மன் கோயில் வளைவு, அங்கிருந்து கீழ் டிவிஷன், பதினொரு பெண்கள், மெஷினுக்குப் பக்கத்தில் நீலக் கொப்பி, சந்தேகம் இருப்பவர்கள் நேரே போய்ப் பார்க்கலாம் என்று எழுதினேன்.

பார்த்தார்கள். செம்பருத்தி இல்லை, தோட்டத்து ஆபீசில் இருந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்து நின்றாள். வேலை நாளில் அவள் டவுனுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ என்னாத்தடா எழுதின?"

எழுதியதைக் காட்டினேன். அவளுக்கு ஏற்கெனவே யாரோ காட்டியிருந்தார்கள். கணக்கப்பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினில் விழாத பேரை அவர் ஆபீசில் சேர்த்தது பொய்ப்பேர் இல்லை என்று எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி. அதாவது, முதல் நாள் நான் எழுதிய அதே கேள்வி. மனுசன் முன்கூட்டியே விஷயம் தெரிந்து கொப்பியை அடுப்பில் போட்டுவிட்டு, அப்படி ஒரு கொப்பியே இல்லை என்று சொல்லிவிட்டாராம். வேலை போகுமா நிற்குமா என்பது வெள்ளிக்கிழமை முடிவாகும்.

"இப்ப அவருக்கு எதிரா இருக்குறது நீ எழுதினது ஒண்ணுதான். அத பொய்னு எழுது."

"அது உண்மைதானேக்கா."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா? அவருக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைங்க இருக்கு. வேலை போனா குவாட்டர்ஸையும் விடணும். பொய்னு எழுதுடா."

"வேணும்னா அழிச்சிடுறேன்."

"அழிச்சா ஒளிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. எழுது. நான் பார்த்துட்டுத்தான் போவேன்."

எத்தனையோ இரண்டு பக்கக் கமெண்டுகளை ஒரே மூச்சில் எழுதியவன் நான். அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "படம் கணினியில் செய்தது. அப்படி ஒரு கொப்பியும் இல்லை, அப்படிப் பெண்களும் இல்லை. விவாதத்தில் ஜெயிப்பதற்காகப் பொய் எழுதினேன், மன்னிக்கவும்." வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமெண்டில் தோல்வியை ஒப்புக்கொண்டேன், அதுவும் நான் சொன்னது சரியாக இருந்த ஒரே விஷயத்தில். அக்கா எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தாள். வாசித்துவிட்டு, மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

"நேர்மைக்கு நன்றி சகோ" என்று செம்பருத்தி எழுதியது. போனைச் சுவரில் அடித்திருப்பேன். எதிரே ஒரு வாடிக்கையாளர் நின்றதால் வைத்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளைக்கு வேலை தப்பியது. என் மூன்று வரியை ஆபீசில் காட்டித்தான் தப்பினார். ஆனால் மனுசன் பயந்துவிட்டார், அதற்குப் பிறகு கொப்பி வாங்கவில்லை. விரல் விழாதவர்கள் மேல் ஆபீசுக்கு ஏறிப்போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏறி இறங்கி மலைக்குப் போவதற்குள் நேரம் போய்விடும், அரைப்பேர்தான். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதினொரு பேரும் ஒன்றாகத் தோட்டத்து மேனேஜர் தொரையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

நான் போனபோது அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொடியில் துணியை உதறி உதறிப் போட்டபடியே சொன்னாள்.

"எங்க விரல மெஷின் எடுக்க மாட்டேங்குது தொரைன்னு நான்தான் பேசுனேன். எல்லாரும் என்னையத்தான் பேசச் சொன்னாங்க. அவரு போன எடுத்து நீ எழுதினத வாசிச்சாரு. அப்படிப் பொம்பளைங்களே இல்லன்னு எழுதினவனே ஒத்துக்கிட்டானே, இன்னும் என்னா கதைன்னாரு."

வாளியில் கிடந்த அடுத்த துணியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி உதறினாள்.

"நாங்க பதினொரு பேரும் அவரு மேசை மேல கைய வச்சிக் காட்டினோம்டா. மனுசன் போனத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு."