கழற்றாத காக்கிக் கோட்டு

அந்தக் கோட்டுக்குக் கழுத்துவரைக்கும் பொத்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. மேல் பொத்தானைக்கூடத் தளர்த்தாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முரட்டுக் கம்பளிக் கோட்டு. காக்கி என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது, காய்ந்த பாசி மாதிரி ஒரு நிறம். கிட்டே வந்தால் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. தோளுக்குக் கீழே மூன்று பட்டைகளைப் பிரித்தெடுத்த தடம், அந்த இடம் மட்டும் வெளுக்காமல் அழுத்தமாகத் தெரிந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அவர். கதவுக்குப் பின்னால் நின்றபடி நான் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உலகச் சண்டை முடிந்த புதிது அது. சிப்பாய்களுக்கென்று தைத்ததெல்லாம் மிஞ்சிப்போய், டிஸ்போசல் சரக்கு என்ற பேரில் மூர் மார்க்கெட்டிலும் சைதாப்பேட்டைச் சந்தையிலும் அம்பாரமாகக் கிடந்தது. கடைத்துணிக்கோ கட்டுப்பாடு. ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, கொடுக்கிற துணியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதனால் ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் பட்டாளத்திலிருந்து இறங்கியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். லஸ் முனையில் வேட்டிக்கு மேல் மிலிட்டரி சட்டை. கச்சேரி ரோட்டுப் பால்காரர் காலில் பூட்ஸ். காலேஜ் பிள்ளைகள் இடுப்பில் அகலப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, சிப்பாயின் துணிப்பையில் புஸ்தகத்தைப் போட்டுத் தோளில் சரித்து மாட்டிக்கொண்டு நடப்பார்கள். அதுதான் அப்போது ஸ்டைல். முதலில் ஏழைக்கு மலிவு என்று வந்தது, அப்புறம் இருக்கிறவனுக்கும் அழகு என்று ஆயிற்று.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது: போனவன் போடமாட்டான், போடறவன் போகல. அடுத்த சந்தில் ஒரு பையன் பர்மா சண்டையிலிருந்து திரும்பி வந்தான். வந்த வாரமே காக்கியை எல்லாம் பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டான். சண்டையைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான். அவனை வைத்துத்தான் அந்தப் பேச்சு வந்தது. மிலிட்டரி உடுப்பில் ஒருத்தன் வந்தால் இவன் போனவனா போகாதவனா என்று மேலும் கீழும் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

எங்கள் அப்பா சாந்தோம் பக்கம் ஒரு மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்குச் சாமியாரின் உடுப்பை எடுத்து வைப்பது, கோயிலைக் கூட்டிப் பெருக்குவது அவர் வேலை. வீட்டில் அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அப்பாவின் அக்காவும் புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்கு யாரையும் நம்பத் தெரியாது. மீன்காரியின் தராசை மட்டுமில்லை, மீனின் கண்ணையே நம்பமாட்டாள். மாப்பிள்ளை ராயப்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக், தாய் தகப்பன் இல்லாதவர், ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டை என்று கேட்டதுமே அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோட்டைப் பார்த்ததும் அது நிச்சயமாயிற்று.

"பட்டாளத்துல இருந்தீங்களா தம்பி" என்று அப்பா கேட்டார்.

"இல்ல மாமா. லாரி ரிப்பேர்தான். இது டிஸ்போசல்ல வாங்கினது."

அவர் போனதும் அத்தை ஆரம்பித்தாள். "போகலன்னு சொல்றான். நிக்கிறத பாத்தியா, முதுகுல கம்பி சொருகினா மாதிரி. பட்டாளத்தான் இல்லாம வேற எவன் அப்டி நிப்பான்? போய் வந்துட்டு போகலன்னு ஏன் மறைக்கிறான்? அங்க ஒருத்தி கீறா. அவ பேரைக் கையில பச்ச குத்திக்கினு வந்திருப்பான். அதான் கோட்டு கழட்டல."

அம்மா, "வெயில்ல வேர்த்து ஊத்துது, அப்பவும் ஒரு பொத்தான் அவுக்கலையே" என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அந்தப் பேர் என்னவாக இருக்கும் என்று என் மனசு அப்போதே தேட ஆரம்பித்துவிட்டது.

இருந்தாலும் நல்ல வேலை, குடி இல்லை என்று ஷெட்டில் சொன்னார்கள். அப்பா சம்மதித்தார். மாப்பிள்ளை இன்னொரு தடவை வந்து கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டுப் போனார். எங்களில் கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகளும் இன்னார் மகனும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், இவர்களுக்குள் விக்கினம் ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லவேண்டும் என்று சாமியார் பூசையில் படிப்பார். விக்கினம் என்றால் தடை. மூன்றும் படித்து முடித்தால்தான் தாலி. நடுவில் நின்றால், எதற்காக நின்றது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி ஓலை நின்றுபோன ஒருத்தி எங்கள் கோயிலில் இருந்தாள். தலை நரைத்தபிறகும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் முட்டி போடுவாள்.

முதல் ஓலை வாசித்தார்கள். ஆம்பிளைகள் பக்கத்தில் அவர் அதே கோட்டோடு நின்றார். இரண்டாம் ஓலை அன்றைக்கு அப்பா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அத்தை காலையிலிருந்தே வஞ்சிரம் குழம்பு வைத்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தரையில் இலை போட்டு உட்கார்ந்தார். நான் தண்ணீர் வைத்தேன், பேசவில்லை. அவர் வந்த மூன்று தடவையும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வெளி ஆள் முன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அவருக்குக் காதோரத்தில் வேர்வை இழை இழையாக இறங்கியது. சோறு பிசைந்து இரண்டு வாய்தான் வைத்திருப்பார். அத்தை குழம்புச் சட்டியோடு குனிந்தாள். ஒரு கரண்டிக் குழம்பு அப்படியே கோட்டின் மார்பில் விழுந்தது.

"அய்யோ, கை தவறிப்போச்சே. கழட்டிக் குடு தம்பி, அலசிப் போட்டா இந்த வெயில்ல கொஞ்ச நேரத்துல காஞ்சிடும்."

"பரவால்ல பெரிம்மா. தொடச்சா போயிடும்."

"மீன் கொழம்பு, நாறும். நம்ம வூட்ல இன்னா வெக்கம்?"

"இல்ல, வேணாம்."

"பர்மாவுல குண்டுக்கே கழட்டாத கோட்டு போல. கொழம்புக்கா கழட்டும்" என்றாள் அத்தை, சிரிக்காமல்.

அப்பா மெதுவாக, "கழட்டுங்க தம்பி, தப்பில்ல" என்றார். மாப்பிள்ளையின் கை மேல் பொத்தானுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு இலையை மடித்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "ஷெட்ல வேல கீது மாமா" என்று சொல்லிக் கை கழுவிக்கொண்டு, குழம்புக் கறையோடு தெருவில் நடந்துபோனார்.

"ஞாயித்துக்கெழம இன்னா வேல" என்றாள் அத்தை. "நான் சொன்னா நம்பல. இப்ப பாத்துக்க."

அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நானும் நம்பிவிட்டேன். ரங்கூன்காரியோ ராஞ்சிக்காரியோ, அவளுக்கு ஒரு முகமே எனக்குள் உண்டாகிவிட்டது. அவர் வலது கையிலா இடது கையிலா என்றுகூட யோசித்திருக்கிறேன். இந்த நாளில் என் பேரன் மிலிட்டரி மாதிரி புள்ளி போட்ட, உடம்பெல்லாம் பையாக இருக்கிற ஒரு கால்சட்டையை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொள்கிறான். யாரும் அவனைப் பார்த்து எங்கே இருந்தாய், யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பதில்லை. அன்றைக்கு அந்தத் துணிக்குள் ஒரு ஆள் இருந்தால், அவனுக்குள் இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறான் என்றுதான் நினைத்தோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முன்னால், அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனார். நான் கதவோரம் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றேன். அறைக்கு இன்னொரு வாசல் உண்டு, அது தோட்டத்துப் பக்கம் திறக்கும்.

"சாமி, இன்னிக்கு ஓலைய வாசிக்க வேணாம்" என்றார் அப்பா.

"ஏன், விக்கினம் ஏதாவது தெரிஞ்சுதா?"

"கோட்டு கழட்ட மாட்டேங்குறான் சாமி."

சாமியார் கையிலிருந்த ஓலையை மேசைமேல் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சு அது விக்கினத்துல சேத்தி இல்ல. பொண்ணு இன்னா சொல்லுது?"

"அது எங்க சாமி பேசும்."

"கேப்போம்" என்று சாமியார் என் பக்கம் திரும்பினார். "நிறுத்தட்டுமாம்மா, வாசிக்கட்டுமா?"

தூணுக்குப் பின்னால் முட்டி போடுகிறவள்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தாள். அவள் பின்னால் என் இரண்டு தங்கைகளும் வந்தார்கள். அவர் கையில் பச்சை இருக்கிறது என்றே நான் அப்போதும் நம்பினேன், இதை மறைக்காமல் சொல்லவேண்டும். எவளோ ஒருத்தியின் பேரோடு காலம் தள்ளலாம், அந்தத் தூணுக்குப் பின்னால் தள்ள முடியாது என்று தோன்றியது. நாக்கு எப்படிப் பிரிந்ததோ தெரியவில்லை.

"வாசிங்க சாமி" என்றேன். கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

வாசித்தார். கோயிலில் யாரும் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், புதுசு, கஞ்சி மொடமொடப்போடு. முழுக்கை. அத்தை என் காதில், "பாத்தியா, முழுக்கை" என்றாள்.

மறுநாள் காலை ராயப்பேட்டை வீட்டில் அவர் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். வலது கையைப் பார்த்தேன், இடது கையைப் பார்த்தேன், தண்ணீர் இழுக்கக் குனிந்தபோது முதுகையும் பார்த்தேன். அம்மை குத்திய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"பச்சை எங்க?" என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இன்னா பச்சை?"

சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்துச் சிரித்தார். "உள்ள சட்டை இல்லம்மே. இருந்த ஒண்ணு கிழிஞ்சுபோச்சு. கார்டுல குடுத்த துணிய கல்யாணத்துக்குன்னு தைக்கக் குடுத்துட்டேன். பொண்ணு வூட்ல வெறும் ஒடம்போட எப்டி உக்கார்றது? பனியன்கூட இல்லாதவன்னு தெரிஞ்சா உங்கப்பா பொண்ணு குடுப்பாரா?"

"அப்புறம் ஏன் சிப்பாய் மாதிரி வெறப்பா நின்னீங்க?"

"கம்பளிய வெறும் முதுகுல போட்டுப் பாரு. அந்த அரிப்பு. சொறியவும் முடியாம, நெளியவும் முடியாம." அந்தப் பட்டைத் தடம் யாருடையதோ, தனக்குத் தெரியாது என்றார். குவியலில் கைவிட்டுத் தன் அளவுக்கு எடுத்ததாம்.

அப்புறம் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். "எனக்கும் உன் மேல சந்தேகம். மூணு தபா வந்தேன், ஒரு வார்த்த கெடையாது. ஊமைப் பொண்ண தலையில கட்டுறாங்கன்னு ஷெட்ல எல்லாரும் சொன்னானுங்க. அந்த மூணாவது ஞாயித்துக்கெழம உங்கப்பாவப் பாக்க தோட்டத்து வாசல்கிட்ட வந்தேன். உள்ள நீ 'வாசிங்க சாமி'ன்ற. அப்பாடா, பேசுதுன்னு போய்ட்டேன்."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. அப்பாவைப் பார்த்து எதைச் சொல்ல வந்தார், ஓலையை நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். சட்டை இல்லாததைச் சொல்லத்தான் என்றார். வருஷம் போகப்போக, பிள்ளைகள் பிறந்து, அவருக்கும் எனக்கும் தலை நரைத்து, நான் எத்தனையோ தடவை அதையே கேட்டிருக்கிறேன். சட்டையைச் சொல்லத்தான் வந்தேன், நீ ஊமையாக இருந்தாலும் கட்டியிருப்பேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னார். சாகிற வருஷம்கூட அதையேதான் சொன்னார். நல்ல மனுஷர், என்னை ஒரு நாளும் வருத்தியதில்லை. ஆனால் சட்டையைச் சொல்ல வந்தவர், என் குரலைக் கேட்டதும் சொல்லாமல் எதற்குத் திரும்பிப் போனார்?