உள்ளே மட்டும் இருந்த ஜன்னல்

என் மேசை இழுப்பறையில், காலாவதியான மாத்திரைகளுக்கும் எந்தப் பூட்டுக்கு உரியவை என்று தெரியாத சாவிகளுக்கும் நடுவில், ஓர் அளவு டேப் கிடக்கிறது. வட்டமான தோல் உறை, சுற்றுவதற்குப் பித்தளைக் கைப்பிடி, உள்ளே சுருண்டிருக்கும் துணி நாடா. நாடாவின் முனையில் இருக்கும் பித்தளை வளையம் பச்சை நிற வலை நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. எழுபதுகளில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் சொத்து அது. வேலையை விட்டபோது ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வளையத்தில் யாரோ கைவைத்திருப்பதால் ஸ்டோரில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கம் வேண்டாமென்று விட்ட பொருள்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று இந்த டேப், மற்றது நான்.

அப்போது கடற்கரையோரம் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் அரசு வேலைகளுக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த நிலத்தில் பழைய பங்களா ஒன்று நின்றது. இடிப்பதற்கு முன்னால் அதை அளந்து, வரைந்து, வரலாறும் எழுதி வைக்க வேண்டுமென்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. கொலை செய்வதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. அலுவலகத்தில் கோடு நேராகப் போடத் தெரிந்தவர்கள் எல்லாம் முக்கியமான வேலைகளில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி, மணலில் நடந்து போக வேண்டும். நான் அணிந்திருந்த பெல்பாட்டம் அந்தக் கடற்கரையின் பாதியை அள்ளிக்கொண்டு வரும்.

நாலாபுறமும் வராந்தா சூழ்ந்த வீடு. வராந்தாவின் தூண்கள் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். சுவர்களில் சுண்ணாம்புக் காரையைத் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடுபோல வழவழப்பாக்கியிருந்தார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிய தளம். நடுக்கூடத்து உத்தரத்தில் துணி விசிறி கட்டிய கொக்கிகள் துருப்பிடித்துத் தொங்கின. உப்பளங்களை மேற்பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டியது என்று ஊரில் சொன்னார்கள். நான் நூலகங்களில் உட்கார்ந்து பங்களாக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். வீட்டுக்காரரான பாயிடம் பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு வரலாறு கேட்டேன். கடைத்தெருவில் கயிறும் வலை நூலும் விற்பவர் அவர். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்.

"எங்க தாத்தா வாங்கினாரு. அதுக்கு முன்னாடி வெள்ளக்காரன் இருந்தான். அதுக்கு முன்னாடி மணலு."

இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு பிழையற்ற வரலாற்றை அதற்குப் பிறகு நான் படித்ததில்லை.

சிக்கல் இரண்டாம் நாள் வந்தது. கடலைப் பார்த்த மூலையில் ஓர் அறை இருந்தது. அது பாயின் மனைவியுடைய அறை. அந்த வீட்டில் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. வாசலில் கனமான பச்சைத் திரை தொங்கியது. அறையை அளக்காமல் படம் முடியாது, நான் உள்ளே போகவும் முடியாது. பாய் கொஞ்சம் எழுந்து டேப்பைப் பிடித்தால் வேலை ஆகிவிடும் என்றேன். "என்னால ஆவாது தம்பி. முட்டி வலி" என்றார். தினமும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் விடுவிடுவென்று நடந்து போகிற முட்டி, பத்தடி தள்ளியிருக்கும் அறைக்குப் போக மறுப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. திரைக்கு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த வளையத்தத் திரைக்கு அடியில தள்ளு தம்பி. நான் புடிக்கிறேன்."

அப்படித்தான் நாங்கள் அளந்தோம். உறையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். நாடா திரைக்கு அடியில் ஊர்ந்து உள்ளே போகும். எதிர்ச்சுவரில் வளையத்தை வைத்ததும் அந்த அம்மாள் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுப்பார். அதுதான் சைகை, நான் எண்ணைப் படிப்பேன். உள்ளேயே இருக்கும் அலமாரி, மாடம் போன்றவற்றுக்கு உறையையும் உள்ளே தள்ளிவிடுவேன். கடை மூட்டைகளின் எண்களைப் படித்துப் பழகியவர் என்பதால் அவரே படித்துச் சொல்லுவார். மூன்றாவது இழுப்பிலேயே வளையம் நாடாவிலிருந்து பிய்ந்து போயிற்று. "கவர்மெண்டு சாமான் இவ்ளோதானா" என்று சொல்லி, கடையிலிருந்து வந்த பச்சை வலை நூலால் தைத்துக் கொடுத்தார். தையலில் நாடா அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. ஆகவே அரசு ஆவணத்தில் அந்த வீட்டின் ஒரு பாதி, உண்மையில் இருந்ததைவிட அரை அங்குலம் பெரியது. ஒரு வீட்டை அரசாங்கம் பெரிதாக்கியதாக எனக்குத் தெரிந்த ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

"இன்னா தம்பி, ஒரு முனையப் புடிச்சிகினு நிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமாம்மா. மறுமுனையைப் புடிக்கிறவங்களுக்குத்தான் குடுக்கறதில்ல."

"அதான பாத்தேன். இழு, இழு. பேசிகினே நின்னா செவுரு நடந்து வருமா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. திரைக்குக் கீழே சில சமயம் ஒரு கால்விரல், மெட்டியில்லாத ஒரு கால்விரல், அவ்வளவுதான். ஆனால் நாடாவின் வழியாக அவர் கை எனக்குப் பழகிவிட்டது. சிரிக்கும்போது நாடா லேசாக ஆடும். சலித்துப்போனால் தளரும். கதவுக்கு எதிர்ச்சுவரில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றபோது மட்டும் அது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு, "ஒரு ஜன்னல் கீது. மூணு அடி ரெண்டு அங்குலம். ரெட்டைக் கதவு" என்றார்.

குறித்துக்கொண்டேன். வராந்தாவில் பலகையைப் போட்டு வரைய உட்கார்ந்தபோதுதான் இடித்தது. அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தை முந்தின நாளே வரைந்திருந்தேன். அங்கே ஜன்னல் கிடையாது. எழுந்து போய்ச் சுற்றி வந்து பார்த்தேன். வெள்ளையடித்த மொட்டைச் சுவர், எதிரே சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல். திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்று, படித்தவனுக்குரிய பொறுமையோடு விளக்கினேன்.

"அம்மா, வெளிய ஜன்னலே இல்லையே. வேற செவுத்த அளந்துட்டீங்க போல."

"வெளிய இல்லாட்டி இன்னா? உள்ள கீதே."

"உள்ள இருந்தா வெளியயும் இருக்கணும்மா."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? தொறக்கறேன், சத்தத்தக் கேளு."

உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. பிறகு கீல்கள் கிரீச்சிட்டன, ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஜன்னல் திறந்தால் காற்று வர வேண்டும். அந்தக் கடற்கரையில் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டு நிமிர முடியாது, அவ்வளவு காற்று. திரை ஆடவில்லை.

பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். முட்டியைப் பிடித்துக்கொள்ளவில்லை. "தெனமும் தொறக்கறியா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீ பஜ்ருக்குத் தொழப் போனப்பறம் தொறப்பேன். நீ வர்றதுக்குள்ள மூடிடுவேன்" என்றது குரல்.

அப்புறம் பாய் என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். அவர்களுக்கு ஒரே பையன். ஒரு மத்தியானம் வீடே தூங்கும் நேரத்தில் அந்த ஜன்னல் வழியாக இறங்கிக் கடலுக்குப் போனான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை, உடலாகக்கூட. சில நாள் கழித்து, ஊரில் இடிந்து நிற்கும் பழைய கோட்டைப் பக்கம் உதிர்ந்து கிடந்த செங்கற்களைக் கொண்டுவந்து, பாய் தன் கையாலேயே வெளியிலிருந்து ஜன்னலை அடைத்துப் பூசினார். உள்ளே இருந்த கதவுகளை அவர் தொடவில்லை, ஏனென்றால் அதன் பிறகு அந்த அறைக்குள் அவர் போகவில்லை. அந்த அம்மாள் தினமும் விடியலில் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவுகளையும் திறந்து, செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்திருக்கும். நான், அதை எப்படி வரைவது என்று கேட்டேன்.

"தொறந்து போடு தம்பி" என்றது குரல்.

"இருக்கிறதைத்தான்மா வரையணும்."

"நீ எதுக்கு அளக்கறன்னு எனக்குத் தெரியும். வூட்ட இடிச்சிப் போடப் போறீங்க. இடிங்க. அந்தத் தாள்லயாச்சும் அது தொறந்து கெடக்கட்டும். போறப்ப தொறந்துகினு போனான். வர்றப்ப மூடிகினு இருந்தா புள்ள இன்னா நெனைக்கும்?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "தொறந்தே போடு" என்றார். "மூடினவன் நான். நான் சொல்றேன், தொறந்து போடு." சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாடா திரைக்கு அடியில் கிடந்தது, என் பக்கம் கிடந்த உறையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து வளையம் இழுபட்டது. அது எனக்குப் பழகிய வெடுக்கென்ற இழுப்பு இல்லை. அதில் இரண்டு கைகள் இருந்தன. "மூணு அடி ரெண்டு அங்குலம்" என்று பாயின் குரல் படித்தது. அந்த எண்ணை நான் ஏற்கெனவே குறித்திருந்தேன். மறுபடியும் ஒருமுறை குறித்துக்கொண்டேன்.

தரைப்படத்தில் ஜன்னலைத் திறந்தே வரைந்தேன். சுவரை வெட்டி, இரண்டு கதவுகளையும் உள்பக்கம் மடித்து, கடலுக்கு வழிவிட்டு. மேலதிகாரி கண்டுபிடித்துக் கிழித்துப் போடுவார் என்று சில வாரம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வெளித்தோற்றப் படத்தில் மொட்டைச் சுவர், தரைப்படத்தில் திறந்த ஜன்னல். இரண்டுக்கும் ஒரே நாளில் கையெழுத்து விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் யாருக்கும் இல்லை.

புறப்பட்ட அன்று அந்த அம்மாள் ஒன்றுதான் கேட்டார். "ஒரு காப்பி குடு தம்பி. எங்க போனாலும் செவுத்துல மாட்டிக்கிறேன்." தருகிறேன் என்றேன். படங்கள் மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதற்குள் வீட்டை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்குக் கையெழுத்துகள் குறைவு. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர், பின்பக்கச் சுவர் சாய்ந்தபோது நடுவிலிருந்து முழுசாக ஒரு ஜன்னல் விழுந்தது, பச்சைப் பெயின்ட் கூடக் கலையவில்லை என்று அதிசயமாகச் சொன்னார். நானும் அதிசயப்பட்டு வைத்தேன்.

நீலப் பிரதி கைக்கு வந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் அவர்கள் குடிபோயிருந்த வாடகை வீடு. வழியெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டே போனேன். சம்பளம் வாங்காமல் மறுமுனையைப் பிடித்ததற்கு அரசாங்கத்தின் நன்றி என்று ஆரம்பிக்கும். பாய்தான் கதவைத் திறந்தார். உள்வாசலில் அதே பச்சைத் திரை தொங்கியது. அது புது வாசலுக்கு நீளம் அதிகம், தரையில் மடிந்து கிடந்தது. "அம்மா எங்க பாய்?" என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் யாரும் இல்லாத வீடு வேறு மாதிரி இருக்கும்.

"நோம்புக்கு முன்னாடி மவுத்தாயிட்டா" என்றார். "வந்த எடத்துல ஒத்துக்கல."

சுருளைத் தரையில் விரித்தோம். அது சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. நான் ஒரு ஓரத்தில் முழங்காலை வைத்தேன், அவர் ஒரு ஓரத்தில் வைத்தார். நீலத்தில் வெள்ளைக் கோடுகள், தூண்கள், கூடம், கொக்கிகள்கூட. பாய்க்குப் படம் பார்க்கத் தெரியாது. "எது?" என்றார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கடலைப் பார்த்த மூலைக்குக் கொண்டுபோய், சுவர் வெட்டுப்பட்ட இடத்தில் வைத்தேன். "தொறந்து கீதா?" என்றார். "திறந்துதான் இருக்கு பாய்" என்றேன். விரலை அவர் எடுக்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. நான் எழுந்து வந்தபோதும் எடுக்கவில்லை.

பிற்பாடு நான் வேலையை விட்டேன். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறேன். சிரிப்பு வரவில்லை என்று வாசகர்கள் எழுதுகிறார்கள், அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். டேப்பின் துணி பழுப்பேறிவிட்டது, எண்கள் மங்கிவிட்டன. பச்சை வலை நூல் மட்டும் அப்படியே இருக்கிறது. கடல் தண்ணீருக்கென்று செய்த நூல், என் இழுப்பறை அதை என்ன செய்துவிடும்? வீட்டில் யாரும் இல்லாத பொழுதுகளில் வளையத்தை எதிர்ச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நிற்பேன். ஆணி நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆடுவதில்லை, தளருவதில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதற்கா உனக்குச் சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.