ஓரியம் தீர்ந்ததை யார் சொல்வது?

"அந்தமானில் இருந்துகொண்டு இந்தத் தொடரை நீங்கள் முழுதாகப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. யாரோ சொன்ன கதையைக் கேட்டுவிட்டு வாதாட வராதீர்கள்." விண்வெளித் தொடர் ஒன்றின் தமிழ் ரசிகர்கள் கூடிப் பேசும் கைபேசிக் குழுவில் ஒருவர் எனக்கு எழுதிய பதில் இது. சாத்தம் படகுத்துறையில் நின்றுகொண்டு படித்தேன். கல்லூரி விட்டு, பம்பூ பிளாட் போகும் படகுக்காகக் காத்திருந்த நேரம். எங்கள் வீட்டுப் பக்கம் அப்போது சிக்னல் எட்டாது. துறைக்கு வந்தால்தான் குழுவில் பேசியதெல்லாம் மொத்தமாக வந்து விழும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இவளால் ஆகுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே வளர்ந்தவள், இவரை மட்டும் எப்படி விடுவேன்? எந்தப் பகுதியில் யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். அதற்குள் என் படகு போயே விட்டது. அடுத்த படகில் வீடு சேர்ந்து நடந்ததைச் சொன்னபோது, அக்காவின் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சரம்மாவயே ஒருத்தன் சந்தேகப்பட்டுட்டானா? பாவம், அவன் எந்த ஊர்க்காரன்?"

டீச்சரம்மா என்றுதான் அத்தான் என்னைக் கூப்பிடுவார். சென்னைக்கும் எங்கள் தீவுக்கும் போய்வரும் கப்பலின் எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. இணையம் நத்தை மாதிரி நகர்ந்த காலத்தில், சென்னையில் கப்பல் நிற்கும் நாட்களில் யாரிடமாவது கேட்டு, புதிய பகுதிகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவார். பையில் அக்காவுக்கு மல்லிகைப்பூ, அவர்கள் மகள் பாப்பாவுக்குப் பலகாரம், எனக்குப் பென்டிரைவ். மத்தியானச் சோறு முடிந்ததும் அவரும் நானும் உட்கார்ந்துவிடுவோம். அக்காவுக்கு அந்தத் தொடரைக் கண்டாலே ஆகாது. கப்பலில் இருந்து இறங்கி வந்த மனிதர் வீட்டிலும் கப்பலையே பார்க்கிறார், அதுவும் ஆகாயத்தில் போகிற கப்பலை என்று கரித்துக்கொட்டுவாள். அவர் காதில் வாங்க மாட்டார்.

கதை இதுதான். ஒரு தூரத்து நிலவில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். விளக்கு, தண்ணீர், மூச்சுக்காற்று எல்லாம் ஓரியம் என்ற ஒரே எரிபொருளால் ஓடுகின்றன. அது அந்த நிலவில் கிடைக்காது. வெளியிலிருந்து கப்பலில் வரவேண்டும். முதல் பருவத்தில் குடியிருப்பின் தலைவி கப்பல் கேப்டனிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறாள். நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் போதும் என்கிறார் கேப்டன். அந்த நம்பிக்கையில் அவர்கள் திருவிழாவுக்கு ஊர் முழுக்க விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் பருவம் தொடங்கும்போது ஓரியம் தீரப்போகிறது. குழு இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிளந்தது. கதை எழுதியவர்கள் முன்னால் சொன்னதை மறந்துவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. இல்லை, கேப்டன் தெரிந்தே பொய் சொன்னார் என்றது மற்றது. ஒரு கட்டி ஓரியம் எவ்வளவு நேரம் எரியும், வைத்திருந்தால் வீரியம் குறையுமா என்றெல்லாம் கணக்குப் போட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு புதிர். டீசல் கப்பல் தாமதமானால் மின்சாரம் நின்றுபோகும் ஊரில் இருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் மறதிக் கட்சி. கேப்டன் நல்லவர், அப்படிப் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன். அத்தான் பொய்க் கட்சி. கேப்டன் செய்ததுதான் சரி என்றும் சொல்வார். அவருடைய கப்பலில் ஒரு பழக்கம் உண்டு. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், எப்போது கிளம்பும் என்று எந்தப் பயணி கேட்டாலும், வேலைக்காரர்கள் எல்லாரும் "தோடா தேர்" என்று ஒரே பதிலைச் சொல்வார்கள். இந்தியில் இன்னும் கொஞ்ச நேரம் என்று அர்த்தம். கீழே எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தாலும் அதே பதில்தான். வேலைக்குச் சேர்ந்ததும் நாக்கில் முதலில் படிந்த வார்த்தை அதுதான் என்பார்.

"உண்மையச் சொன்னா அம்புட்டுப் பேரும் மேல்தளத்துல ஒரே பக்கமா வந்து நிப்பான். கப்பலே சாஞ்சிரும்."

"சொல்லியிருந்தா அவங்க விளக்கையாவது அணைச்சிருப்பாங்க அத்தான்."

"அணைச்சிட்டு? இருட்டுல உக்காந்து அழவா? தீரப்போறதுன்னா, தீருற வரைக்குமாச்சும் சந்தோசமா இருந்துட்டுப் போறாங்க, விடு."

அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார், நாங்களும் நம்பினோம். கண்ணில் மஞ்சள் ஏறியபோது அக்கா கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று வாசலிலேயே மறித்து அவள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "கொஞ்ச நாள்ல சரியாயிரும்னாரு." வேலைக்குப் போகாமல் விடுப்பில் இருந்தார். வீட்டில் சும்மா கிடந்து அந்த நாடகத்தைப் பார்க்கிறீர்களே, வெளியே போய்க் கொஞ்சம் நடந்தால்தானே பசிக்கும் என்று அக்கா அவரோடு நாள் தவறாமல் சண்டை போட்டாள். மூன்றாம் பருவத்தை அந்த நாட்களில்தான் பார்த்தோம். பாதிப் பகுதியிலேயே தூங்கிவிடுவார். எழுந்ததும், விட்டுப்போனதை நான் சொல்லவேண்டும்.

அவர் இறந்தது மழைக்காலத் தொடக்கத்தில். அடக்கத்துக்குக் கப்பலிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் அவரோடு எஞ்சின் அறையில் வேலை பார்த்த தெலுங்குக்காரர் ஒருவர், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் இந்தியில் என்னிடம் சொன்னார். ஈரல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று போன கிறிஸ்துமஸுக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அத்தான் இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்பவள் நான். ரேஷன் கடையாகட்டும், கப்பல் டிக்கெட்டாகட்டும், ஊசி மருந்தாகட்டும், டீச்சரம்மாவைக் கூப்பிடு என்பார்கள். அத்தான் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மட்டும் என் கண்ணில் படவே விடவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும் என்பதாலேயே அதை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார். இத்தனை படித்த பெருமை இதற்குத்தானா என்று அன்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, சொன்னேன். அவள் நம்பவேயில்லை. பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். "தெரிஞ்சிருந்தா நான் சண்ட போட்டிருக்க மாட்டேன். பக்கத்துல உக்காந்து நானும் அந்த இழவ பாத்திருப்பேன்."

அவளும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தாள். அடக்கத்தின்போது பாப்பாவைப் பெரார்கஞ்சில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாலு வயதுப் பிள்ளை. திரும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டபோது, கப்பலுக்குப் போயிருக்கிறார் என்று அக்கா சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் அதைவிட எளிதாக நம்பக்கூடிய பொய் கிடையாது. அதன்பின் துறைமுகத்தில் எந்தக் கப்பலின் சங்கு ஊதினாலும் பாப்பா வாசலுக்கு ஓடுவாள். இது அப்பா கப்பலா என்பாள். இது வேறே என்பாள் அக்கா. அடுத்தது எப்போ? நாளைக்கு. வீட்டில் எல்லாருமே அப்படித்தான் சொன்னோம். பாப்பா ஒன்றாம் வகுப்புக்கும் போய்விட்டாள், பதில் மட்டும் மாறவில்லை. மாலையில் வாசலில் நின்று நின்று, அவள் விளையாடப் போவதே குறைந்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்: "அவுக பாத்த நாடகத்துல ஒருத்தன் பொய் சொல்லுவான்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவீகளே, அதப் போடு." இப்போது கடலடிக் கம்பி வந்து இணையம் வேகமாகிவிட்டது. கைபேசியிலேயே பார்க்கலாம். பாப்பா வாசலில் இருந்தாள். இந்தியில் மொழிமாற்றிய குரலில் தலைவி கேட்டாள், கேப்டன் சிரித்தபடி பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் போதும் என்றார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். காட்சி முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"அந்தப் பொம்பள நேருக்கு நேரா கேக்கா," என்றாள். "பயப்படுறவகிட்ட மறைக்கலாம். நேரா கேக்கவகிட்ட பொய் சொல்லக்கூடாது. நானும் அவுகள நேராத்தான கேட்டேன்."

குழுவில் ஆண்டுக்கணக்காக இத்தனை பேர் வாதாடியும், கேட்டவளின் பக்கத்திலிருந்து ஒருவரும் பேசியதில்லை, நான் உட்பட. அத்தான் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார், அக்கா அவரை விட்டிருக்க மாட்டாள். அந்தச் சண்டையை நான் பார்த்திருக்கவேண்டும். வாசலைப் பார்த்தேன். கேட்கலாமா என்று ரொம்ப நாளாகத் தயங்கியதைக் கேட்டுவிட்டேன்.

"பாப்பாவும் நேராத்தானே கேக்குறா அக்கா."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் வேலை எதுவும் இருக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் படகுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "எனக்கு வாய் வராது. நீ படிச்சவ, நீயே சொல்லு."

எப்படிச் சொல்வது என்று நாலைந்து நாள் யோசித்தேன். சாமியிடம் போயிருக்கிறார் என்று தொடங்கினால், சாமியிடமிருந்து எப்போது வருவார் என்று கேட்பாள். தூங்குகிறார் என்றால், எப்போது எழுந்திருப்பார் என்று கேட்பாள். நல்ல வார்த்தை என்று நினைத்ததெல்லாம் கடைசியில் தோடா தேர் என்பதில்தான் போய் முடிந்தது. நேற்று காலை பாப்பாவைக் குளிப்பாட்டி, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அக்காவும் வந்தாள், ஆனால் தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டாள். சிலுவையில் இருந்த பெயரைப் பாப்பா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இது அப்பா பேரு என்றாள். ஆமாம் என்றேன். ஈர மண்ணில் அவள் உயரத்துக்கு முட்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா கப்பல்ல இல்லம்மா. அப்பா செத்துப்போயிட்டாரு. அவரை இங்கதான் புதைச்சிருக்கோம்."

"எப்ப வருவாரு சித்தி?"

"வரமாட்டாரு."

"நாளைக்கும்?"

"நாளைக்கும் வரமாட்டாரு," என்றேன்.