பச்சை பெயிண்ட் ஒட்டிய டிடெக்டர்

அந்த டிடெக்டரை மூன்று தடவை பார்த்தேன். முதலில் எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில், பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில், கடைசியாக அந்த லாட்ஜில். புகை வந்தால் மணியடிக்க வேண்டிய வெள்ளை வட்டம். அதன் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. மூன்று இடத்திலும் அதே பச்சை. மூன்றுக்கும் அனுமதிச் சான்றில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. மாட்டுகிறவருக்கு லைசென்ஸ் உண்டா என்று பார்ப்பதும்தான். அந்த மூன்று இடத்திலும் மாட்டிய கான்ட்ராக்டருக்குக் கிடையாது. மெயின்லேண்டில் யாரோ ஒருவருடைய லைசென்ஸ் நகலை ஃபைலில் வைப்பார். நான் வருவதற்கு முதல்நாள் ஒரே செட் டிடெக்டரைக் கொண்டுபோய் மாட்டுவார். நான் கிளம்பியதும் கழற்றிவிடுவார். லாட்ஜில் அந்தப் பச்சையைக் காட்டிக் கேட்டேன்.

“ஷிப் வரலை சார். வந்ததும் புதுசு மாட்டிடுறேன். அதுவரைக்கும் இதுதான் உங்களுக்கு முன்னாடியே வந்து டியூட்டி பார்க்குது” என்றார்.

நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தீவில் மருந்து இல்லையா, ஷிப் வரவில்லை. சிமென்ட் இல்லையா, ஷிப் வரவில்லை. அதற்குத் தலையாட்டியே பழகிய கழுத்து என்னுடையது. ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கவில்லை என்ற திமிர் வேறு. வாங்கியிருந்தால் பயமாவது இருந்திருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் லாட்ஜ் கிச்சனில் தீப்பிடித்தது. மணி அடிக்கவில்லை. வடக்கே மாயாபந்தரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, மாத்திரை போட்டுக்கொண்டு மேல்மாடியில் தூங்கிய ஓர் அம்மா புகையிலேயே இறந்துபோனார்.

விசாரணையில் யாரும் லாட்ஜ் கூரையைப் பார்க்கவில்லை, என் சான்றிதழைத்தான் மேஜைமேல் வைத்தார்கள். கருவி சரியாக இருந்ததாக அதிகாரியே எழுதியிருக்கிறார். அப்படியானால் யாரோ மணிப் பெட்டியின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். லாட்ஜ் வாட்ச்மேன்தான் என்று முடிவுகட்டினார்கள். கட்சால் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். இரண்டு தடவை புகைக்குள் ஓடி ஆட்களை இழுத்து வந்தவர்.

“அந்தப் பெட்டியில சுவிட்ச் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க சார்” என்றார்.

நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை போயிற்று. நான் முழு மரியாதையோடு ஓய்வு பெற்றேன், மாலையும் போட்டுக்கொண்டேன். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் கழுத்து எரிகிறது.

நடந்ததையெல்லாம் இந்த வருடம்தான் எழுதி ஆபீஸில் கொடுத்தேன். ஃபைல் மூடியாகிவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. கான்ட்ராக்டர் இன்னும் மாட்டுகிறார், கழற்றுகிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, யோக்கியதைதான் இல்லை.

வாட்ச்மேனைத் தேடிப் போனேன். கப்பல் துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

“வேலை கிடக்கட்டும் சார். அந்தம்மா மகன் இன்னமும் நான்தான் கொன்னேன்னு நினைக்கிறான். மாயாபந்தர்ல பம்பு ரிப்பேர் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க. ஷிப்புக்குக் காத்திருக்க வேணாம், பஸ் போகுது.”

மறுநாளே பஸ் ஏறினேன். மகன் ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருக்கலாம். ஸ்பானரை வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

“அந்த வாட்ச்மேன் அண்ணன் நம்பர் குடுங்க” என்றான்.

என்னிடம் இல்லை. வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.