கட்-அவுட்டுக்காக அறுத்த கம்பம்

தருமபுரம் சவரிராஜ், சென்னையில் ஒரு வங்கி அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவர். 2007-இல் முட்டி தேய்ந்து, ஓய்வு பெற்று காரைக்கால் திரும்பினார். ஊர் சும்மா விடுமா? அவர் ஆடிப் பழகிய மைதானத்திலேயே பாராட்டு விழா வைத்தது. போய்ப் பார்த்தால், கூடைக்கம்பத்தை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"கம்பம் எங்கய்யா?"

"உங்க கட்-அவுட்ட மறைச்சுதுங்க!" என்றார் விழாக் குழுச் செயலாளர் தங்கவேலு, பெருமையாக.

"நாளைக்குப் புள்ளைங்க பந்த எங்க போடும்? என் வாயிலயா?"

"கோவப்படாதீங்க சார், தலைவர் காத்திருக்காரு."

விழாத் தலைவர் மேடையில் பொன்னாடை போர்த்தினார். சவரிராஜ் அதை உருவிக்கொண்டு நொண்டியபடி இறங்கிப் போய், தரையில் மிஞ்சியிருந்த இரும்பு அடிக்கட்டைமேல் போர்த்தினார்.

"கொன்னுட்டீங்கல்ல, மாலையும் போடுங்கடா!"

தங்கவேலு மைக்கைப் பிடித்தார்: "என்ன பணிவு பாருங்க!"

கூட்டம் கைதட்டியது. மாலையும் வந்தது.