என்னாச்சக்காவும் இரண்டு மிஸ்டு காலும்

சங்க அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னாச்சக்கா என்றால்தான் தெரியும். யாரைப் பார்த்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுகிற வார்த்தை "என்னாச்சு?" தும்மினால் என்னாச்சு, செருப்பு மாற்றினால் என்னாச்சு, சும்மா சிரித்தாலும் என்னாச்சு. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டால், "இருக்கு, அதை அப்புறம் பாத்துக்கறேன், நீ முதல்ல சொல்லு" என்பார். இப்பேர்ப்பட்ட ஆளிடம் போய் யாராவது நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய போன் நம்பரைக் கொடுப்பார்களா? கட்டடத் தொழிலாளர் சங்கம் கொடுத்தது.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அக்கா பதினைந்து வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். எல்லாம் சின்ன வீடுகள், மிஞ்சிப் போனால் இரண்டு மாடி. கலவைச் சட்டி கைக்குக் கை மாறித்தான் மேலே ஏறும். ஒருநாள் சாரம் சரிந்து ஒரு கொத்தனார் விழுந்துவிட்டார். மேஸ்திரி அவரை ஏதோ வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "எல்லாம் சரியாயிடும், வேலையைப் பாருங்க" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். நாலு ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டு, ஐந்தாவதில் ஆளைக் கண்டுபிடித்து, அவர் வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். பிறகு முட்டி மக்கர் பண்ணி அவரால் சட்டி தூக்க முடியாமல் போனது. சங்கச் செயலாளர் ஒரு பெயின்டர், கேலிக்காரர். "இந்த வாய் வெளியில வீணாப் போகுது" என்று சொல்லி அவரை அலுவலகத்தில் உட்கார வைத்தார்.

அப்புறம்தான் அந்த நோய் வந்தது. ஒரே நாளில் எல்லா வேலையும் நின்றது. வேலை நின்றதே தவிர வதந்தி நிற்கவில்லை. திங்கட்கிழமை சைட் திறக்கிறது என்று எவனோ கிளப்பிவிட, அறுபது பேர் வெயிலில் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிமெண்ட் தூசி மூக்கில் இருப்பவர்களுக்கு நோய் ஒட்டாது என்று இன்னொருவன் சொன்னான். அவன் மட்டும் அன்றைக்கு அக்கா கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று சொல்ல முடியாது.

செயலாளர் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் காலை பத்து மணிக்கு எல்லா உறுப்பினர்களுடைய போனும் அடிக்கும். எடுத்தால், காலையிலேயே பதிவு செய்து வைத்த அக்காவின் குரல். எந்த சைட் திறந்திருக்கிறது, எங்கே பரிசோதனை நடக்கிறது, எது பொய், எது நிஜம், எல்லாம் இரண்டு நிமிடத்தில். கேட்டு முடித்ததும் சங்க நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டால் கேட்டாச்சு, நல்லா இருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு விட்டால் ஏதோ உதவி வேண்டும் என்று அர்த்தம். அக்கா தன் வீட்டிலேயே உட்கார்ந்து பென்சிலால் டிக் போட்டுக்கொள்வார்.

முதல் நாள் பதிவிலேயே பக்கத்து வீட்டு குக்கர் மூன்று விசில் விட்டது. பதியும்போது அதை யாரும் கவனிக்கவில்லை, அப்படியே எல்லாருக்கும் போய்விட்டது. பத்தரை மணிக்குள் முப்பது பேர் கேட்டார்கள்: "அக்கா, மூணு விசில்னா என்ன அர்த்தம்?" கட்டட வேலைக்காரர்கள் எந்தச் சத்தத்தையும் சும்மா விட மாட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அக்கா போர்வைக்குள் புகுந்துகொண்டு பதிவு செய்தார். அவருடைய வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர். வேலையில்லாமல் வீட்டில் இருந்ததால் அவருடைய பொழுதுபோக்கே மனைவியைக் கிண்டல் செய்வதுதான். "உள்ள யாரு, திருடனா?" என்று போர்வையைத் தட்டுவார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒரு நம்பரைத் தவிர. அந்த நம்பர் தினமும் சரியாகப் பத்தேகாலுக்கு இரண்டு மிஸ்டு கால் விட்டது.

இரண்டு என்றால் உதவி. அக்கா உடனே திருப்பிக் கூப்பிட்டார். எடுத்தார்கள். பேச்சே இல்லை. "என்னாச்சு? யாருங்க? என்ன வேணும்?" என்று அக்கா கத்தினார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் கட் ஆனது. மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. பட்டியலில் பார்த்தால் "மணி அண்ணன்" என்று மட்டும் இருந்தது. ஊரடங்குக்கு முந்தின வாரம் சேர்ந்த ஆள், முகவரியும் வேலையும் எழுத வேண்டிய கட்டம் காலி. பட்டியலில் இருந்த மற்ற மணிகள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"தினம் பத்தேகாலுக்கு போன், எடுத்தா மௌனம். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு இருக்கற கொழுப்புக்குக் கம்பியை எடுத்து வளைச்சிடுவேன்" என்றார் அக்கா.

செயலாளரோ, "எவனோ விளையாடறான், விடுங்கக்கா" என்றார். விடுவதா? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. உதவி வேண்டும் என்கிறவன் பேசாமல் இருப்பானா? விளையாடுகிறவன் தினமும் நேரம் தவறாமல் விளையாடுவானா? மறுநாள் பதிவிலேயே கேட்டுவிட்டார்: "ரெண்டு மிஸ்டு கால் விடறவங்க என்ன வேணும்னு தயவுசெஞ்சு சொல்லுங்க. ஒண்ணும் வேணாம்னா ஒண்ணே ஒண்ணு விடுங்க." பத்தேகாலுக்கு வந்தது பாருங்கள், அதே இரண்டு. திமிர் பிடித்த ஆள் என்று அக்கா முடிவு கட்டினார். ஆனாலும் ஒரு நாள்கூட அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிடாமல் இருந்ததில்லை.

இருபதாம் நாள் ஒரே ஒரு மிஸ்டு கால் வந்தது.

"பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டான்" என்று செயலாளர் போனில் சிரித்தார். அக்காவும் நிம்மதியாக டிக் போட்டார். அன்றைக்கு அவர் திருப்பிக் கூப்பிடவில்லை. மறுநாளும் ஒன்று. அதற்கும் டிக். ஆனால் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் இரண்டு விட்டவன் ஏன் திடீரென்று மாற வேண்டும்?

அன்று மதியம் ஒரு கொத்தனார் போன் செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்கு மட்டும் வேலை நடத்த அனுமதி கிடைத்திருந்தது, அவர் அங்கே இருந்தார். முகக்கவசம் போதவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் "டங், டங்" என்று இரும்புச் சத்தம்.

"என்ன தம்பி அது, யாரு மணி அடிக்கறாங்க?"

"சாமான் ஏத்தற லிஃப்ட்டோட மணி அக்கா. கீழ இருக்கறவர் அடிச்சாத்தான் மிஷின்காரர் நகத்துவார். ரெண்டு அடிச்சா எல்லாம் சரியா இருக்கு, மேல ஏத்து. மூணு அடிச்சா கீழ இறக்கு."

"ஒண்ணு அடிச்சா?"

"ஒண்ணு அடிச்சா ஆபத்து. என்ன ஏதுன்னு கேக்காம உடனே நிறுத்தணும். ஆனா இந்த ஆளுக்குச் சரியா அடிக்கத் தெரியல. மணியண்ணன் இருந்திருந்தா..."

"எந்த மணியண்ணன்?" அக்கா எழுந்தே விட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா? இருபது வருஷமா லிஃப்ட் மணி அடிக்கறவர். அவர் பேரே மணி இல்லக்கா. மணி அடிக்கறதால மணியண்ணன். பழைய சைட்டை மூடினப்போ அவர் மட்டும் காவலுக்குத் தங்கிட்டாரு, அந்த ஏழு மாடிக் கட்டடத்துல."

அக்காவின் பார்வை நோட்டில் இருந்த இரண்டு டிக்குகளின் மேல் போனது. நலம் என்று தன் கையால் போட்ட டிக். இருபது வருடம் ஒன்று என்றால் ஆபத்து என்று அடித்த கை, இரண்டு நாளாக ஒன்று அடித்திருக்கிறது. "அடக் கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே செயலாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில ஆள் அனுப்பிப் பாக்கலாமே அக்கா..."

"தோழர், ஒண்ணு அடிச்சா உடனே நிறுத்தணுமாம். நாளைக்கு நிறுத்தினாப் போதும்னு யாரும் சொல்லல" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சங்கம் வாங்கி வைத்திருந்த அனுமதிச் சீட்டை வண்டியின் முன்னால் ஒட்டிக்கொண்டு வீட்டுக்காரரும் அக்காவும் கிளம்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஏழு மாடிக் கட்டடத்தின் இரும்புக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார்கள், கத்தினார்கள், யாரும் திறக்கவில்லை. கம்பி கட்டுகிறவருக்குச் சுவர் ஏறுவதெல்லாம் ஒரு வேலையா? ஏறிக் குதித்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே மணல் குவியலில் புல் முளைத்திருந்தது. கலவை மிஷின் வாயைத் திறந்தபடி கிடந்தது. பின்பக்கம் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருபதுக்கு மேல் இருந்தன, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எதில் போய்த் தேடுவது? வீட்டுக்காரர் முதல் கதவைத் தள்ளப் போனார். அக்கா அவரை விட்டுவிட்டு லிஃப்ட்டின் அடியில் போய் நின்றார். அங்கே ஒரு தடித்த இரும்புத் தகடு தொங்கியது, பக்கத்தில் ஒரு சுத்தியல் இருந்தது. எடுத்து இரண்டு அடி அடித்தார்.

காத்திருந்தார்கள். மறுபடி இரண்டு அடித்தார்.

கடைசிக் கொட்டகைப் பக்கமிருந்து தகரத்தில் யாரோ தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு.

"அங்க! அங்க!" என்று அக்கா முட்டி வலியையும் மறந்து ஓடினார். கதவைத் திறந்தால், பாயில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. காய்ச்சலில் முகம் சிவந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அக்கா முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என்னாச்சு அண்ணே? ஏன் போன்ல பேசல?"

"பேசினேன்... கத்தினேன்... போனு சிமெண்ட் தண்ணியில விழுந்துது. எனக்குக் கேக்கும்... உனக்குத்தான் கேக்காது." மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவின் குரலை அடையாளம் கண்டுவிட்டார். மனிதருக்குக் கோபம் வந்தது. "நீதானே அந்தப் பொண்ணு? ஒண்ணுன்னா நல்லா இருக்கோமாம்... மொத நாளே தப்பாச் சொன்னே. ஆபீஸ்ல யாரோ மாத்தி எழுதிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்... நான்தான் சரியா அடிச்சேன்."

"ஆமாண்ணே, தப்பு எம்மேலதான்" என்று அக்கா அழுதுவிட்டார். "நீங்க பேசாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. கேட்டால், "ஆக்சிஜன்ல இருக்கார்" என்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அக்கா தினமும் போர்வைக்குள் புகுந்து பதிவு செய்தார், டிக் போட்டார். அந்த நம்பருக்கு நேராக மட்டும் கட்டம் காலியாகவே இருந்தது. பத்தேகால் ஆனால் கை தானாகப் போன் பக்கம் போகும்.

பதின்மூன்றாம் நாள் பத்தேகாலுக்குப் போன் அடித்தது. அதே நம்பர். ஒரு ரிங், கட்.

ஒன்று.

அக்காவின் கையில் இருந்த பென்சில் கீழே உருண்டது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டார்: "ஏம்மா, என்னாச்சு?"

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி அடித்தது. ஒரு ரிங், கட்.

"ரெண்டு!" என்று அக்கா கத்தினார். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. "ரெண்டுங்க! மணியண்ணன் மேல போறார்!"

"ஐயையோ!" என்று வீட்டுக்காரர் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார்.

"ச்சீ, வாயைக் கழுவுங்க! லிஃப்ட் மணி... எல்லாம் சரியா இருக்கு, மேல ஏத்துன்னு அர்த்தம்" என்று அழுதுகொண்டே சிரித்த அக்கா, குனிந்து பென்சிலைத் தேடி எடுத்தார். அந்தக் கட்டத்தில் இரண்டு டிக் போட்டார்.